செல்வ வரி போன வழியும் தேர்தல் பணம் வந்த வழியும்

1985 மார்ச் 16 அன்று நிதியமைச்சர் வி.பி. சிங் மக்களவையில் பட்ஜெட் தாக்கல் செய்தார். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீது 1953 முதல் வசூலிக்கப்பட்டுவந்த எஸ்டேட் வரியை அந்த பட்ஜெட் நீக்கியது. சில வாரங்களில் அதே அரசு கம்பெனிகள் சட்டத்தையும் திருத்தியது. அரசியல் கட்சிகளுக்கு நிறுவனங்கள் நன்கொடை தருவதற்கு 1969இல் போடப்பட்ட தடை விலகியது. முதலாவதை வரிச் சீர்திருத்தம் என்ற தலைப்பிலும், இரண்டாவதைத் தேர்தல் சீர்திருத்தம் என்ற தலைப்பிலும் எழுதுவது வழக்கம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சுதந்திர இந்தியாவில் பெரும் சொத்துக்கு வரி போட்ட சட்டங்கள் ஒவ்வொன்றாக மெலிந்து மறைந்தன. அதே காலத்தில் கட்சிகளுக்குப் பெரும் பணம் போய்ச் சேரும் வழிகள் அகன்றன. முன்னது நடந்ததற்குப் பின்னது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேர்தல் நிதியைத் தொடாமல் செல்வ வரியை மட்டும் திரும்பக் கொண்டுவந்தால், முன்பு போலவே விலக்குகள் அதை அரித்துவிடும். பிறகு வசூல் போதவில்லை என்று காரணம் காட்டி அதை மீண்டும் கைவிடுவார்கள். இதுவரையான வரலாறு அப்படித்தான் இருக்கிறது.

கால்டர் வகுத்ததும் நாம் எடுத்துக்கொண்டதும்

கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டர் 1956இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். வருமான வரி மட்டும் இருந்தால் பணக்காரர்கள் வருமானத்தை வேறு வடிவத்துக்கு மாற்றித் தப்பிவிடுவார்கள். எனவே செல்வம், மூலதன ஆதாயம், அன்பளிப்பு, செலவு ஆகிய நான்கின் மீதும் வரி வேண்டும் என்றார். சொத்து வாங்கினால் ஒரு வரியில் தெரியும், பிள்ளைக்குக் கொடுத்தால் இன்னொன்றில் தெரியும், செலவழித்தால் மற்றொன்றில் தெரியும். ஒன்றின் கணக்கு மற்றொன்றைச் சரிபார்க்கும். இதற்கு ஈடாக, வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 விழுக்காட்டுக்குக் குறைத்துவிடலாம் என்பதும் அவர் யோசனை. குறைந்த விகிதம், தப்ப முடியாத வலை என்பதே அவர் திட்டத்தின் உயிர்.

சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக 1957இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நிகரச் சொத்துக்கு அரை விழுக்காடு முதல் ஒன்றரை விழுக்காடு வரை செல்வ வரி. அடுத்த ஆண்டு அன்பளிப்பு வரி வந்தது. ஆனால் வலையின் கண்ணிகள் தொடக்கத்திலேயே பெரிதாக இருந்தன. இந்துக் கூட்டுக் குடும்பம் தனி வரிதாரராக ஏற்கப்பட்டதால் ஒரே சொத்தைப் பல கணக்குகளில் பிரித்துக் காட்ட முடிந்தது. செலவு வரி 1962இல் நீக்கப்பட்டு, 1964இல் திரும்பி வந்து, 1966இல் மறுபடியும் போனது. வருமான வரி விகிதமோ கால்டர் சொன்னதற்கு நேர்மாறாக ஏறிக்கொண்டே போய், 1973-74இல் உச்ச அடுக்கில் 97.75 விழுக்காட்டைத் தொட்டது. அவர் இலங்கைக்கும் போய் இதே வகைத் திட்டத்தை வகுத்துக் கொடுத்தார். அங்கும் செல்வ வரி, செலவு வரி இரண்டும் வந்தன, இரண்டும் நிலைக்கவில்லை.

கிருஷ்ணமாச்சாரியின் பதவி 1958 பிப்ரவரியில் போனது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் போடப்பட்டதை ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தினார். விசாரித்தவர் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா. விசாரணை திறந்த அரங்கில் நடந்தது; இடம் கிடைக்காமல் வெளியே நின்ற கூட்டம் கேட்பதற்காக ஒலிபெருக்கி வைத்தார்கள்.

இதே சாக்ளாவின் முன் 1957இல் இன்னொரு வழக்கும் வந்திருந்தது. அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தர வசதியாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்த டாடா இரும்பு எஃகு நிறுவனம் அனுமதி கேட்டது. சட்டம் தடுக்காததால் அனுமதித்தார். ஆனால் நிறுவனங்களின் பணம் கட்சிகளுக்குப் போவது ஜனநாயகத்துக்குப் பெரும் ஆபத்தாக வளரக்கூடும், நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எச்சரித்தார். செல்வ வரி பிறந்த அதே ஆண்டில் வந்த எச்சரிக்கை அது.

தடை போட்டார்கள், மாற்று வழி செய்யவில்லை

நாடாளுமன்றம் 1960இல் நிறுவன நன்கொடைக்கு உச்சவரம்பு வைத்தது. ஊழல் தடுப்பை ஆராய்ந்த கே. சந்தானம் குழு 1964இல், நிறுவன நன்கொடையை முற்றிலும் தடை செய்யச் சொன்னது. 1969இல் இந்திரா காந்தி அரசு தடை செய்தது. தடைக்கு ஈடாக அரசு நிதியோ, சிறு நன்கொடைகளைத் திரட்டும் ஏற்பாடோ எதுவும் செய்யப்படவில்லை. கட்சிகளின் செலவு குறையவில்லை. பணம் காசோலையிலிருந்து ரொக்கத்துக்கு மாறியது, அவ்வளவுதான்.

ரொக்கம் கணக்கில் வராத லாபத்திலிருந்துதான் வர முடியும். கறுப்புப் பணத்தை ஆராய்ந்த வாஞ்சூ குழு 1971இல் இதை நேராகச் சொன்னது. கறுப்புப் பணம் பெருகுவதற்கு அது அடுக்கிய காரணங்களில் மிக உயர்ந்த வரி விகிதமும் இருந்தது, அரசியல் கட்சிகளுக்கான நன்கொடையும் இருந்தது. என் பார்வையில் இந்த விஷயத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. 97 விழுக்காடு வரி என்று மேடையில் சொல்லலாம். அந்த வரியைக் கட்டாத பணத்திலிருந்து தேர்தல் செலவு நடக்கும்போது, வரியை முழு மூச்சாக வசூலிக்க எந்த ஆளுங்கட்சிக்கும் மனம் வராது. கடுமையான சட்டமும் தளர்ந்த வசூலும் ஒரே கட்சியின் ஆட்சியில் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தது இப்படித்தான்.

1974இல் நடந்த ஒன்று இன்றுவரை நம்மைத் தொடர்கிறது. வேட்பாளருக்காக அவர் கட்சி செய்யும் செலவும் அவருடைய உச்சவரம்புக்குள் சேரும் என்று கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் அவசரச் சட்டம் வந்து, கட்சிச் செலவை வரம்புக்கு வெளியே எடுத்துவிட்டது. இன்று பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாயும் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சமும்தான் செலவழிக்கலாம். கட்சிக்கு வரம்பே இல்லை. மேல்மாடியைப் பூட்டிவிட்டுத் தெருக்கதவைத் திறந்து வைத்த கதை.

ஒன்றைக் காட்டி இன்னொன்றை நீக்கிய வரிசை

இப்போது 1985க்குத் திரும்பலாம். எஸ்டேட் வரியை நீக்க வி.பி. சிங் சொன்ன காரணங்கள் இரண்டு. வசூல் சுமார் 20 கோடி ரூபாய்தான், நிர்வாகச் செலவு அதிகம் என்பது ஒன்று. ஒரே சொத்துக்குச் செல்வ வரிச் சட்டம், எஸ்டேட் வரிச் சட்டம் என்று இரண்டு சட்டங்கள் இருப்பது மக்களுக்குத் தொல்லை என்பது மற்றொன்று. அதாவது, செல்வ வரி இருக்கிறதே, இது எதற்கு என்பது வாதம். எஸ்டேட் வரியின் உச்ச விகிதம் 85 விழுக்காடு. அவ்வளவு விகிதத்துக்கு இவ்வளவு சொற்ப வசூல் என்றால், பெரும் சொத்துகள் அந்த வலையில் விழவே இல்லை என்று பொருள். வலையைச் சரிசெய்வதைவிட அதைச் சுருட்டி வைப்பது எளிதாகத் தெரிந்திருக்கிறது.

வி.பி. சிங்கைப் பணக்காரர்களின் ஆள் என்று சொல்லிவிட முடியாது. வருமான வரியின் உச்ச விகிதத்தை 50 விழுக்காடாகக் குறைத்த அவர், குறைத்த வரியைக் கட்டித்தான் ஆகவேண்டும் என்று பெரும் தொழிலதிபர்களின் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ரெய்டு அனுப்பினார். கால்டரின் உத்திக்கு மிக நெருங்கி வந்த நிதியமைச்சர் அவர்தான் என்பேன். 1987 ஜனவரியில் பாதுகாப்புத் துறைக்கு மாற்றப்பட்டார். எல்லைப் பதற்றம் காரணமாகச் சொல்லப்பட்டது. தொழிலதிபர்களின் அழுத்தம் என்று பரவலாகப் பேசப்பட்டது.

அடுத்த கட்டம் 1993. வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ராஜா செல்லையா, பின்னாளில் சென்னைப் பொருளாதாரப் பள்ளியை உருவாக்கியவர். குழுவின் பரிந்துரைப்படி, உற்பத்திக்கு உதவும் சொத்துகளுக்குச் செல்வ வரியிலிருந்து விலக்கு வந்தது. பங்குகள் முற்றிலும் வெளியே போயின. வீடு, நகர்ப்புற நிலம், நகை, கார், படகு, கையிருப்பு ரொக்கம் ஆகியவையே மிஞ்சின. சேமிப்பைத் தங்கத்தில் முடக்காமல் தொழிலில் போட வைக்கும் நோக்கம் நேர்மையானது. செல்லையாவின் நாணயத்தை யாரும் சந்தேகித்ததில்லை. ஆனால் 1991க்குப் பிறகு இந்தியாவில் எந்தச் செல்வம் பெருகியது? நிறுவனங்களின் பங்குகள்தான். எது மலைபோல வளரப்போகிறதோ அதை விட்டுவிட்டு, நடுத்தரக் குடும்பத்தின் இரண்டாவது வீட்டையும் நகைப் பெட்டியையும் பிடித்துக்கொண்ட வரியாக அது மாறியது. அன்பளிப்பு வரி 1998இல் நீங்கியது.

2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி செல்வ வரியை ஒழித்தார். 2013-14இல் அதன் வசூல் 1,008 கோடி ரூபாய். செலவு அதிகம், வரவு குறைவு என்ற அதே காரணம். இதற்குப் பதிலாக, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மீது 2 விழுக்காடு கூடுதல் சர்சார்ஜ் (வருமான வரித் தொகையின் மேல் விதிக்கும் மிகைவரி) போட்டால் சுமார் 9,000 கோடி கிடைக்கும் என்றார். கருவூலக் கணக்கில் பார்த்தால் நல்ல மாற்றுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் சர்சார்ஜ் வருமானத்தின் மீது விழுவது, சொத்தின் மீது அல்ல. பத்தாயிரம் கோடி மதிப்புள்ள பங்கை விற்காமல் வைத்திருக்கும் ஒருவரை அது தொடாது.

அந்த சர்சார்ஜும் நிலைக்கவில்லை. 2019இல் ஐந்து கோடிக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 37 விழுக்காடாக உயர்ந்தது. அதனால் உச்ச வரி 42.74 விழுக்காடு ஆனது. பங்குச் சந்தை சரிந்ததும் பங்கு விற்பனை ஆதாயத்துக்கு மட்டும் அந்த உயர்வைத் திரும்பப் பெற்றார்கள். 2023இல் புதிய வரி முறையில் சர்சார்ஜ் 25 விழுக்காடாக இறங்கி, உச்ச வரி 39 விழுக்காடானது. எஸ்டேட் வரி போனபோது செல்வ வரி இருக்கிறது என்றார்கள்; செல்வ வரி போனபோது சர்சார்ஜ் இருக்கிறது என்றார்கள்; பிறகு சர்சார்ஜும் இறங்கியது.

இதன் விளைவை இன்றைய கணக்கில் பார்க்கலாம். புதிய வரி முறையில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஆண்டுக்கு 24 லட்சத்துக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் செஸ்ஸுடன் குறைந்தது 31 ரூபாய் 20 காசு வரி கட்டுகிறார். பல கோடி ரூபாய்ப் பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்பவர், எல்லா சர்சார்ஜும் சேர்த்து, லாபத்தில் 100க்கு 14 ரூபாய் 95 காசு கட்டுகிறார். 2004 முதல் 2018 வரை இந்த லாபத்துக்கு வரியே இல்லை. விற்காமல் வைத்துப் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றால் இன்றும் வரி இல்லை. நிறுவனங்களைப் பொறுத்தவரை, 2019 செப்டம்பர் 20 அன்று வரி விகிதம் 30இலிருந்து 22 விழுக்காடாகக் குறைந்தது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே அறிவித்தார். 2023-24இல் தனிநபர் வருமான வரி வசூல் நிறுவன வரி வசூலைவிட ஒரு லட்சம் கோடிக்கும் மேல் கூடுதலாக இருந்தது.

நிதின் குமார் பாரதி, லூகா ஷான்செல், தோமா பிக்கெட்டி, அன்மோல் சோமஞ்சி ஆகிய நால்வரும் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் இந்தியாவின் உச்ச 1 விழுக்காட்டினர் கையில் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காடும் செல்வத்தில் 40.1 விழுக்காடும் இருந்தன. தில்லி பொருளாதாரப் பள்ளியின் ராம் சிங், வேட்பாளர்கள் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கும் பிரமாணப் பத்திரங்களை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரு குடும்பத்தின் சொத்து கூடக்கூட, சொத்துடன் ஒப்பிடுகையில் அது வரித்துறைக்குக் காட்டும் வருமானத்தின் விகிதம் இறங்குகிறது என்று அவர் கண்டார். வேட்பாளர் தன் சொத்தைச் சொல்லியாக வேண்டும் என்பது 2002, 2003 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்தது. பணக்காரர்களின் வரிக் கணக்கைப் பற்றி நமக்குக் கிடைத்த நல்ல தரவு ஒன்று தேர்தல் வெளிப்படைத்தன்மையிலிருந்து வந்திருக்கிறது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

பத்திரமும் அதன் ரகசிய எண்ணும்

மறுபக்கம், நன்கொடை வரம்பு. 1985இல் நிறுவனத்தின் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 5 விழுக்காடு வரை தரலாம் என்று தொடங்கியது. 2013 கம்பெனிகள் சட்டத்தில் அது 7.5 விழுக்காடு. 2017 நிதிச் சட்டம் வரம்பையே எடுத்துவிட்டது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று நிறுவனம் தன் கணக்கில் காட்ட வேண்டியதும் இல்லை என்றது. நட்டத்தில் ஓடும் நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை பாஜக, காங்கிரஸ் இரண்டுமே மீறின என்று தில்லி உயர் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருந்தது. 2016, 2018 திருத்தங்கள் சட்டத்தையே பின்தேதியிட்டு, கடைசியில் 1976 வரைக்கும், மாற்றிவிட்டன. இரு பெருங்கட்சிகளும் சண்டையில்லாமல் ஒத்துப்போன விஷயங்களில் இது ஒன்று.

தேர்தல் பத்திரத் திட்டத்தை ஜேட்லி 2017 பட்ஜெட்டில் அறிவித்தார். செல்வ வரியை ஒழித்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பாரத ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரையான பத்திரம் வாங்கலாம். கொடுத்தவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கி 2017 ஜனவரியிலேயே எழுத்தில் ஆட்சேபித்தது. ஆலோசனை தாமதமாக வந்தது, நிதி மசோதா அச்சாகிவிட்டது என்று வருவாய்ச் செயலர் பதில் எழுதினார். ஆர்வலர் லோகேஷ் பத்ராவின் தகவலுரிமை விண்ணப்பங்களால் இந்தக் கோப்புகள் வெளிவந்தன. மசோதா பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டதால் மாநிலங்களவையால் அதைத் தடுத்து நிறுத்த முடியவில்லை.

அரசுக்கும் தெரியாது என்றுதான் சொல்லப்பட்டது. 2018 ஏப்ரலில் பத்திரிகையாளர் பூனம் அகர்வால் தலா ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு பத்திரங்கள் வாங்கி ஆய்வகத்தில் கொடுத்தார். புற ஊதா விளக்கில் பிடித்தபோது, பத்திரத்தின் மூலையில் வெறும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எண்ணும் ஒளிர்ந்தன. ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனி அடையாளம். வாக்காளருக்குத் தெரியாது, அரசு வங்கியால் கண்டுபிடிக்க முடியும்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. நிறுவனங்களின் வரம்பற்ற நன்கொடையையும் செல்லாது என்றது. தனிநபர் கொடுப்பது ஆதரவாக இருக்கலாம், நிறுவனம் கொடுப்பது பெரும்பாலும் வியாபாரம் என்ற வேறுபாட்டை நீதிமன்றம் ஏற்றது. விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட வங்கிக்கு அது கிடைக்கவில்லை. மார்ச் 14 அன்று வாங்கியவர் பட்டியலும் பெற்றவர் பட்டியலும் தனித்தனியாக வந்தன. நீதிமன்றம் மறுபடி அழுத்திய பிறகு 21ஆம் தேதி எண்களும் வந்தன. அந்த எண்ணை வைத்து யார் பணம் யாருக்குப் போனது என்று செய்தியாளர்கள் பொருத்தினார்கள்.

மொத்தம் விற்றவை 16,518 கோடி ரூபாய்ப் பத்திரங்கள். மதிப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களே. 2019 ஏப்ரலுக்குப் பிறகான கணக்கில் பாஜகவுக்கு 6,060 கோடி. திரிணமூல், காங்கிரஸ், பாரத் ராஷ்டிர சமிதி ஆகியவை ஒவ்வொன்றும் ஆயிரம் கோடியைத் தாண்டின. மிக அதிகமாக வாங்கியது கோவையிலிருந்து இயங்கும் லாட்டரி நிறுவனமான ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடிக்கு. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை 2003 முதல் இருக்கிறது. திமுக தனக்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி இந்த நிறுவனத்திடமிருந்து வந்தது என்று தானே தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவித்தது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி பத்திர நன்கொடையே பெறவில்லை. வழக்குப் போட்டவர்களில் அதுவும் ஒன்று.

அமலாக்கத் துறை, வருமான வரித் துறை சோதனைக்குள்ளான பல நிறுவனங்கள் பட்டியலில் இருந்தன. சோதனைக்குப் பிறகு வாங்கியவை உண்டு, பெரிய ஒப்பந்தம் கிடைத்ததை ஒட்டி வாங்கியவையும் உண்டு. தேதிகள் நெருங்கி இருப்பதே குற்றத்துக்குச் சான்றாகாது. சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஏற்கவில்லை. எனவே எது நன்கொடை, எது கப்பம் என்பது விசாரிக்கப்படாமலே நிற்கிறது.

பத்திரம் போன பிறகு பணம் தேர்தல் அறக்கட்டளைகளுக்குத் திரும்பியது. 2024-25இல் அறக்கட்டளைகள் வழியாகக் கட்சிகளுக்குப் போனது சுமார் 3,800 கோடி ரூபாய். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பாஜகவுக்கு. இங்கே கொடுத்த நிறுவனத்தின் பெயர் தெரிகிறது, அது முன்னேற்றம். ஆனால் அறக்கட்டளை பலரிடம் வாங்கிப் பல கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதால், எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்கு என்பது இங்கும் மங்கலாகிவிடுகிறது.

சிமெண்ட் மூட்டை சொல்லும் சாட்சி

மேலே சொன்னவை எல்லாம் வங்கி வழியாகப் போன பணம். தெருவில் புரளும் பணம் வேறு. ஆய்வாளர்கள் தேவேஷ் கபூரும் மிலன் வைஷ்ணவும் அதை அளக்க ஒரு வழி கண்டார்கள். அரசியல்வாதிகளின் கணக்கில் வராத பணம் கட்டுமானத் தொழிலில் தங்கியிருக்குமானால், தேர்தல் நேரத்தில் கட்டுமானக்காரர்கள் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும், வேலை மந்தமாகும், சிமெண்ட் குறைவாக விற்கும். மாநிலங்களின் தேர்தல் மாதங்களை சிமெண்ட் நுகர்வுடன் ஒப்பிட்டபோது, தேர்தல் மாதத்தில் நுகர்வு இறங்குவது தெரிந்தது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதற்குப் புள்ளிவிவரம் தேவைப்படாது. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல், ஓட்டுக்குப் பணம் தரும் ஒரு ஃபார்முலாவுக்கே பெயர் கொடுத்தது. காலைச் செய்தித்தாளுக்குள் ஐயாயிரம் ரூபாய் உறை வைத்து வீடுவீடாகப் போட்டார்கள் என்று அமெரிக்கத் துணைத் தூதரகம் தன் நாட்டுக்கு அனுப்பிய தகவல், விக்கிலீக்ஸ் வழியாக 2011இல் வெளியானது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே ஆணையம் ரத்து செய்த தொகுதிகளின் பட்டியல் தமிழ்நாட்டில்தான் நீளம். வேலூரில் பதினொரு கோடிக்கும் மேற்பட்ட ரொக்கம், வார்டு வாரியாகக் கட்டி வைக்கப்பட்டு, ஒரு சிமெண்ட் கிடங்கில் பிடிபட்டது.

வாக்காளர் பணம் வாங்குவதைப் பற்றிக் கோபமாக எழுதுவது நம் பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடு இல்லை. ஓட்டுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்கும் குடும்பம், ஆண்டு முழுக்க ஜிஎஸ்டியாகவும் பெட்ரோல் வரியாகவும் அதைவிட அதிகம் கட்டுகிறது. கேள்வி கேட்கப்பட வேண்டியவர் உறைக்குள் பணத்தை வைத்தவரும், அவருக்கு அதைக் கொடுத்தவரும். கொடுத்தவர் டெண்டரிலும் மனை அங்கீகாரத்திலும் மணலிலும் அதைத் திரும்ப எடுக்கிறார்.

எதிர்வாதங்களில் வலுவானவை

பணம்தான் கொள்கையை முடிவு செய்கிறது என்று ஒரே போடாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் மார்ட்டின் கிலென்ஸும் பெஞ்சமின் பேஜும் 1,779 கொள்கை முடிவுகளை எடுத்து ஆராய்ந்து, 2014இல் வெளியிட்டார்கள். பொருளாதார மேல்தட்டின் விருப்பம் கொள்கையில் எதிரொலிக்கிறது, சராசரி மனிதரின் தனி விருப்பம் ஏறத்தாழ எதிரொலிப்பதே இல்லை என்பது முடிவு. ஆனால் பெரும்பாலான விஷயங்களில் நடுத்தர வர்க்கமும் பணக்காரர்களும் ஒரே கருத்தில்தான் இருக்கிறார்கள், எனவே முடிவை மிகைப்படுத்தக் கூடாது என்று மறுப்பவர்களும் உண்டு. இந்தியாவிலும் வேறு சக்திகள் இருக்கின்றன. விவசாய வருமானத்துக்கு வரி வேண்டும் என்ற கே.என். ராஜ் குழுவின் 1972 பரிந்துரை செயலுக்கு வராததற்குப் பெருநிறுவன நன்கொடை காரணமல்ல. சட்டமன்றங்களில் நிறைந்திருந்த நிலவுடைமையாளர்களின் பலம் காரணம்.

வாக்காளரின் அச்சமும் ஒரு காரணம்தான். 2024 ஏப்ரலில் காங்கிரஸைச் சேர்ந்த சாம் பித்ரோடா அமெரிக்க வாரிசுரிமை வரியைப் பற்றிப் பேசியதும், உங்கள் சொத்தைப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று பிரதமர் தேர்தல் மேடைகளில் பேசினார். அது தங்கள் கொள்கை அல்ல என்று காங்கிரஸ் உடனே விலகியது. பிக்கெட்டி குழுவினர் அடுத்த மாதம் முன்வைத்த யோசனை, 10 கோடிக்கு மேற்பட்ட நிகரச் செல்வத்துக்கு ஆண்டுக்கு 2 விழுக்காடு, அதே அளவுக்கு மேற்பட்ட பரம்பரைச் சொத்துக்கு 33 விழுக்காடு. அது தொடுவது வயது வந்தோரில் 0.04 விழுக்காட்டினரை, தரக்கூடியது நாட்டு உற்பத்தியில் 2.73 விழுக்காடு என்பது அவர்கள் மதிப்பீடு. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. அந்த வரம்பை அவரிடம் எடுத்துச் சொல்ல எந்தக் கட்சிக்கும் துணிவு இல்லை.

பணக்காரர்கள் நாட்டைவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அடுத்த வாதம். நார்வே 2022இல் செல்வ வரியை உயர்த்தியதும் சில பெரும் பணக்காரர்கள் ஸ்விட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது உண்மை. ஸ்விட்சர்லாந்திலும் செல்வ வரி இருக்கிறது, பல காலமாக நன்றாகவே வசூலாகிறது என்பதும் உண்மை. ஓஇசிடி நாடுகளில் 1990இல் 12 நாடுகளில் இருந்த செல்வ வரி 2017இல் நான்காகக் குறைந்தது. அந்நாடுகள் கைவிட்டதற்குச் சொன்ன காரணங்களில் விலக்குகளும் குறைந்த வசூலும் முன்னால் நிற்கின்றன, நம் கதையைப் போலவே. ஒருவர் ஓடிப்போகும் இடத்தை அடைக்கத்தான் பொருளாதார அறிஞர் காப்ரியேல் சுக்மன் 2024இல் ஜி20 நாடுகளுக்கு, உலகின் சுமார் 3,000 பில்லியனர்கள் மீது எல்லா நாடுகளும் சேர்ந்து குறைந்தபட்சம் 2 விழுக்காடு விதிக்கும் திட்டத்தைக் கொடுத்தார். ரியோவில் தலைவர்கள் கொள்கையளவில் தலையசைத்ததோடு அது நிற்கிறது.

சொத்தை மதிப்பிட முடியாது என்ற வாதம் 1957இல் சரி. பங்குகள் காகிதமாக இருந்தன, பினாமி பெயர்களில் இருந்தன. இன்று பட்டியலிடப்பட்ட பங்குகள் டீமேட் கணக்கில் இருக்கின்றன. புரமோட்டர் குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொரு காலாண்டும் பங்குச் சந்தையில் வெளியாகிறது, விலை நொடிக்கு நொடி திரையில் ஓடுகிறது. மிகப் பெரிய செல்வம்தான் இன்று மதிப்பிட மிக எளிதானது. கடினமானது கிராமத்து மனையும் பழைய நகையும், அவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் நாம் செய்வது வேறு. செல்வ வரி போன பிறகு வருமான வரிப் படிவத்தில் சொத்து விவரம் கேட்கும் அட்டவணை ஒன்று சேர்க்கப்பட்டது. அது வாங்கிய விலையைத்தான் கேட்கிறது, இன்றைய மதிப்பை அல்ல. முதலில் 50 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு இருந்த கட்டாயம், இப்போது ஒரு கோடிக்கு மேல் என்று தளர்ந்துவிட்டது. விற்காத பங்கு வருமானம் தராது என்பதால் பெருஞ்செல்வர் சிலருக்கு இந்தக் கட்டாயமே எழாமல் போகலாம்.

எங்கே தொடங்குவது

முதல் வேலை செல்வ வரி அல்ல, கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு என்று நினைக்கிறேன். 1974 அவசரச் சட்டம் திறந்த கதவை மூடாமல் வேறு எதை மூடினாலும் பயன் இல்லை. செலவுக்கு எல்லை இல்லாதவரை, பெரும் பணம் ஏதாவது ஒரு வழியில் கட்சிக்குத் தேவைப்படும். தேவைப்படுகிறவர் கொடுக்கிறவர் மீது வரி போட மாட்டார். இரண்டாவது, சொத்து அட்டவணையில் பங்குகளுக்குச் சந்தை மதிப்பும், வருமானம் எவ்வளவானாலும் சொத்து பெரிதென்றால் கட்டாயமும் வேண்டும். இதற்குப் புது வரி எதுவும் வேண்டியதில்லை, படிவம் மாறினால் போதும். செல்வ வரி அதன் பிறகு வரட்டும், 10 கோடிக்கு மேல், விலக்கு எதுவும் இல்லாமல்.

மூன்றாவது, நன்கொடைக்குத் தரும் வரிச் சலுகை. அதிகம் பேசப்படாத விஷயம் இது. 2003 முதல், கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடை முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். புதிய வரி முறைகளைத் தேர்ந்தவர்களுக்கு இது இல்லை. பழைய முறையில் தொடரும் தனிநபருக்கும் நிறுவனத்துக்கும் இன்றும் உண்டு. உச்ச அடுக்கில் இருப்பவர் 100 ரூபாய் கொடுத்தால் அதில் 30 ரூபாய்க்கு மேல் அரசுக் கருவூலம் ஏற்கிறது. கட்சிக்கோ தன் வருமானத்துக்கு வரியே கிடையாது.

இந்தச் சலுகையைச் சுற்றி ஒரு தொழிலே உருவானது. பெயரளவில் பதிவு செய்யப்பட்ட, தேர்தலிலேயே நிற்காத கட்சிக்குக் காசோலையில் நன்கொடை போகும். சில விழுக்காடு கமிஷன் பிடித்துக்கொண்டு மீதி ரொக்கமாகத் திரும்பி வரும். நன்கொடையாளர் ரசீதைக் காட்டி முழுத் தொகைக்கும் வரி விலக்கு எடுத்துக்கொள்வார். வருமான வரித் துறை 2022 செப்டம்பரில் இத்தகைய கட்சிகள் மீது நாடு முழுவதும் சோதனை நடத்தியது. 2025 ஜூலையில் போலி விலக்கு கேட்டவர்களைத் தேடி மறுபடி இறங்கியது. ஆறு ஆண்டுகளாகத் தேர்தலில் நிற்கவில்லை என்பதற்காகத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் 334 கட்சிகளையும், செப்டம்பரில் 474 கட்சிகளையும் பட்டியலிலிருந்து நீக்கியது. விலக்கு அளிக்கும் பிரிவு சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அதை நீக்க ஒரு நிதி மசோதாவில் சில வரிகள் போதும். எந்தச் செல்வரும் நாட்டைவிட்டு ஓடமாட்டார். எந்தச் சொத்தையும் மதிப்பிட வேண்டியதில்லை. சிறு நன்கொடையை ஊக்குவிக்க வேண்டுமானால், ஐயாயிரம் ரூபாய் வரை மட்டும் சலுகையை வைத்துக்கொள்ளலாம்.